வத்தலக்குண்டில் நிற்பதில்லை

ஜனவரி 19

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம். வயலூர் முருகன் கோயிலில் பூசை. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியபோது பழம் நசுங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. குருக்கள், "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். பண்ணியாயிற்று என்றேன். அவர் நம்பாமல் பானெட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார். மின்சார வண்டி என்று சொன்னதும் தட்சிணையை வாங்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

எங்கள் பாலிடெக்னிக்கில் மின்சார வண்டி வாங்கிய முதல் ஆள் நான்தான். முதல்வரே இன்னும் புகை விட்டுக்கொண்டுதான் வருகிறார். மோட்டார் வாகனப் பாடம் நடத்துகிறவன் நான் வாங்காமல் வேறு யார் வாங்குவது?

சாயங்காலம் போடிக்குப் போன் போட்டு மாமனாரிடம் சொன்னேன். ஏலக்காய் வியாபாரி. எதையும் கையில் அள்ளிப் பார்த்துத்தான் நம்புவார். "ஒருக்கா சார்ஜு போட்டா எம்புட்டு தூரம் ஓடும் மாப்ள?" என்று கேட்டார். ஷோரூம் பையன், காகிதத்தில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கும், ரோட்டில் ஏசி போட்டு ஓட்டினால் இருநூறை ஒட்டித்தான் வரும் சார் என்று சொல்லியிருந்தான். நான் "முந்நூறு" என்றேன். "ஏயப்பா!" என்றார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எனக்கு ஏயப்பா சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 26

திருச்சியிலிருந்து போடிக்கு முதல் பயணம். கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர். அரசிக்கு ஒரே குஷி. மங்கையர்க்கரசி என்று முழுப்பெயர் இருந்தாலும் பிறந்த வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான் அவள் முகம் அரசி மாதிரி இருக்கும்.

திண்டுக்கல் தாண்டியதும் எனக்கு வியர்த்துவிட்டது. போகவேண்டிய தூரத்துக்கும் மிச்சமிருந்த சார்ஜுக்கும் ஒட்டவே இல்லை. நல்ல ரோடு என்று தொண்ணூறில் அழுத்தியது தப்பு. ஏசியை அணைத்தேன், திறந்தேன், மறுபடி அணைத்தேன். அரசி, "என்னங்க, வண்டிக்குக் காய்ச்சலா, உங்களுக்கா?" என்றாள். வத்தலக்குண்டில் ஒரு ஓட்டலுக்குப் பின்னால் சார்ஜர் இருப்பதை போனில் பார்த்து அங்கே ஒதுங்கினோம். ஒச்சப்பன் என்று ஒரு வாட்ச்மேன். வாய் ஓயாதவன். அவனே ஒயரை இழுத்து மாட்டிவிட்டு ஊர்க்கதை முழுக்கச் சொன்னான். எண்பது சதவீதம் ஏறுகிற வரைக்கும் உள்ளே உட்கார்ந்து ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

போடியில் தெருவே வாசலில் நின்றது. மாமனார் வண்டியைச் சுற்றி வந்து, "வழில எங்கிட்டும் நின்னீங்களா மாப்ள?" என்றார். அவருக்குப் பக்கத்தில் பவுன்ராஜ் நின்றுகொண்டிருந்தான்.

பவுன்ராஜ் என் சகலை. அரசியின் தங்கை திலகாவைக் கட்டியவன். போடியிலேயே உரக்கடை. மாமனாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவதும், அத்தைக்கு மாத்திரை வாங்கித் தருவதும், தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவன்தான். அந்த வீட்டில் எனக்கு முதல் இலை உண்டு. அவனோ நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான். இரண்டில் எது பெரிது என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.

"நிக்கலையே மாமா. நேரா வந்துட்டோம்" என்றேன்.

மாமனார் என் தோளில் கையைப் போட்டு ஏல மையத்துக்கே கூட்டிப்போனார். நாலு பேரிடம், "எங்க பெரிய மாப்ள. திருச்சிலருந்து ஒரே மூச்சுல வந்துருக்காரு, சொட்டு பெட்ரோல் இல்லாம" என்றார். தனியாக இருக்கும்போது அரசி, "அப்ப நம்ம தின்ன ரோஸ்ட்டு?" என்றாள். "சாப்பிட நின்றதெல்லாம் நிற்பதா?" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிப்ரவரி 4

வண்டி கழுவினேன். இடது கதவில் கீறல். அடுத்த வீட்டுக்காரர் இல்லை என்கிறார்.

பிப்ரவரி 22

பவுன்ராஜ் போன். அதே வண்டி, அதே நிறம் வாங்கப்போகிறானாம்.

"அண்ணே, கம்பெனிக்காரய்ங்க ஆயிரம் சொல்லுவாய்ங்க. நீங்க ஓட்டுறீங்க, அதப் பத்திப் பாடமே நடத்துறீங்க. நெசமா எம்புட்டு ஓடும்? உங்க வாயால சொல்லுங்க, நாளைக்கே போய் எடுத்துருவேன்."

ஒரு மனிதன் இப்படி நம்பிக் கேட்கும்போது மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. "முந்நூறு. தாராளமா" என்றேன்.

அரசி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "அவருகிட்டயாவது உள்ளதச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவனிடம் சொன்னால் திலகாவிடம் சொல்வான், திலகா அத்தையிடம், அத்தை மாமாவிடம். மாமா ஏல மையத்தில் அந்த நாலு பேரிடம் என்ன சொல்லுவார்? என் மானத்தை விடு, அவர் மானம் என்ன ஆவது? அதைத்தான் கேட்டேன். அவள் மறுபடி கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

மார்ச் 12

பவுன்ராஜின் வண்டி இருநூறைத் தாண்டவில்லையாம். நாலு நாளாக ஒரே புலம்பல். சர்வீஸில் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்களாம்.

"வண்டி சரியா இருந்தா அப்புறம் என்ன? காலில்தான் கோளாறு" என்றேன். உரமூட்டை ஏற்றுகிற வேனை மிதித்துப் பழகிய கால். மெதுவாக மிதி, ஏசியைக் குறை, பிரேக்கைத் தொடாமல் ஓட்டப் பழகு. நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. வகுப்பில் நடத்துவதுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ, "பெரியவர் வண்டி 300, சின்னவர் வண்டி 200, பாக்கி 100ஐ திலகா தின்றுவிட்டாளா?" என்று போட்டிருந்தார்கள். நான் சிரிக்கிற பொம்மை ஒன்று மட்டும் போட்டேன்.

மார்ச் 31

பங்குனி உத்திரத்துக்குப் போடி போய் வந்தோம். வழக்கமான இடத்தில் வழக்கமான ரோஸ்ட். ஒச்சப்பன் இப்போது என்னைத் தூரத்தில் பார்த்தாலே கை காட்டுகிறான்.

பவுன்ராஜ் இளைத்திருக்கிறான். ஏசியே போடுவதில்லையாம். திலகாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு எப்படித்தான் ஓட்டுறாரோ. இவருக்குக் கை வரமாட்டேங்குது" என்று அரசியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அரசி அவளுக்குச் சந்தனம் அரைத்துப் பூசிவிட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்காத குணம் அவளுக்கு.

புறப்படும்போது ஒரு சங்கடம். பவுன்ராஜ் பையோடு வந்து நின்றான். "அண்ணே, நானும் திருச்சி வரைக்கும் பக்கத்துல உக்காந்து வாறேன். நீங்க ஓட்டுறதப் பார்த்துப் பழகிட்டு பஸ்ல திரும்பிக்கிறேன்."

 எல்லோர் முன்னாலும், "ஓட்டுறது கைப்பழக்கம் தம்பி, வேடிக்கை பார்த்தா வராது. கல்யாண வீட்டுல பந்தி பார்த்தா பசி ஆறுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார், "சின்னவருக்கு உரமூட்டதேன் லாயக்கு" என்றார். பவுன்ராஜும் சேர்ந்து சிரித்தான். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

ஏப்ரல் 26

மாமனாருக்கு நெஞ்சுவலி. தேனியில் பார்த்துவிட்டுப் பெரிய இடத்துக்குப் போகச் சொன்னார்கள். மதுரைதான் பக்கம் என்று பவுன்ராஜ் சொன்னான். எனக்குத் திருச்சியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார், இங்கேதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். ஸ்டென்ட் வைத்தாயிற்று. பெரிய மாப்பிள்ளை இருந்ததால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மே 6

நாளை காலை மாமனாரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் இரண்டு முறை சொன்னார்: அக்னி நட்சத்திரம், உடம்பில் நீர் குறைய மாத்திரை கொடுத்திருக்கிறோம், வெயில் பட்டுவிடக்கூடாது, ஏசி வண்டியில் அலுங்காமல் கொண்டுபோங்கள்.

பவுன்ராஜும் திலகாவும் வண்டியோடு வந்திருக்கிறார்கள். அத்தைக்கு, பெரிய மாப்பிள்ளை வண்டியில் போகலாமே என்று ஆசை. நிற்காமல் போய்விடலாம் அல்லவா! எனக்கு நாளைக்குத் தேர்வுப் பணி என்று சொல்லிவிட்டேன். அத்தை முகம் சுருங்கியது. என்ன செய்ய, கடமை.

அரசி அப்பாவோடு போகிறேன் என்று பையை எடுத்து வைத்தாள். வேண்டாம் என்றேன். ஐந்தாவது ஆள் ஏறினால் வண்டி இழுக்காது. "முந்நூறு ஓடுற வண்டிதான?" என்றாள், என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி. பையைப் பிரித்துச் சேலைகளைப் பீரோவில் திரும்ப வைத்தாள்.

மே 7, காலை

புறப்பட்டுவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் எனக்கு ஒரே ஒரு பிளக். அதில் முதலில் என் வண்டி ஏறி முடிந்து, பிறகுதான் அவனுடையதை மாட்ட முடிந்தது. அதனால் அவனுக்கு முழுக்க நிரம்பவில்லை. எண்பத்தைந்தோ என்னவோ.

வண்டியில் ஏறும்போது பவுன்ராஜ் எல்லோர் முன்னாலும் கேட்டான். "அண்ணே, வத்தலக்குண்டு பக்கம் எங்கயாச்சும் போட்டுக்கணுமா? மாமா வேற இருக்காரு."

மாமனார் என்னைப் பார்த்தார். ஏல மையத்தில் என் தோளில் கை போட்டபோது இருந்த அதே கண்.

"எதுக்கு? நான் ஒரு தடவைகூட நின்றதில்லையே" என்றேன்.

"அப்பறம் என்ன, பெரியவரு போறப்ப நம்மளும் ஒரே மூச்சுல போயிருவோம். எடுய்யா வண்டிய" என்று மாமனார் முன்சீட்டில் சாய்ந்துகொண்டார். நல்ல உற்சாகம். ஆஸ்பத்திரிக் களையே இல்லை.

தேர்வுப் பணி என்று சொல்லியிருந்ததால் பைக்கை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தில்லைநகர்ப் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். தர்பூசணி வாங்கினேன்.

மே 7, மதியம்

திண்டுக்கல்லில் இருந்து பவுன்ராஜ் போன் செய்தான். மளமளவென்று இறங்குகிறதாம். ஏசியை அணைக்கச் சொன்னேன். "மாமா இருக்காரே அண்ணே." கண்ணாடியை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். காற்று இயற்கையாக வரட்டும்.

பிறகு வத்தலக்குண்டில் இருந்து.

"அண்ணே, இருபதுக்குக் கீழ வந்துருச்சு. இங்க ஒரு ஓட்டலுக்குப் பின்னாடி சார்ஜர் போர்டு தெரியுது. வாசல்ல ஒரு வாட்ச்மேன் ரொம்பப் பழகுன ஆள் கணக்கா கை காட்டிக் கூப்புடுறாரு. செத்த நேரம் போட்டுக்கிரட்டுமா?"

ஒச்சப்பன். உள்ளே போய் வண்டியை நிறுத்தினால் அவன் சும்மா இருப்பானா? இதே மாதிரி வெள்ளை வண்டியில் திருச்சியிலிருந்து ஒரு சாரும் அம்மாவும் வருவார்கள், எப்போதும் இங்கேதான் போடுவார்கள், ஆளுக்கொரு ரோஸ்ட் என்று ஆரம்பித்துவிடுவான். அத்தை இருக்கிறார், மாமா இருக்கிறார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன். "கம்பெனிக்காரன் அடியில் நிறைய இருப்பு வைத்திருப்பான். சும்மா பயமுறுத்தும். சைபர் காட்டினாலும் நாற்பது கிலோமீட்டர் ஓடும். ஐம்பதில் போ."

அப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஓடாது என்றும் தெரியாதே.

போனில் பக்கத்திலிருந்து மாமனார் குரல் கேட்டது. தண்ணீர் கேட்டார் என்று நினைக்கிறேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறை வாசலில் அரசி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அவங்கள உள்ள போகச் சொல்லுங்க" என்றாள். நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் தன் போனை எடுத்துத் திலகாவின் பேரைத் தேடினாள். நான் பார்த்தேன், அவ்வளவுதான். கையை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. அவள் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தர்பூசணி அறுக்கப் போனாள்.

அவர்கள் இந்நேரம் தேனியை நெருங்கியிருப்பார்கள்.

மே 9

மாமனார் போய்விட்டார்.

தேவதானப்பட்டி தாண்டி வண்டி நின்றுவிட்டதாம். நிழலே இல்லாத இடம். அதற்கு முன்பே வெகுநேரமாக ஏசி இல்லை. அத்தை ஆஸ்பத்திரி ஃபைலால் விசிறிக்கொண்டே வந்திருக்கிறார். மாமனார் ஒருதரம் ஏசி கேட்டாராம். பிறகு அவரே, "வேண்டாம்யா, பெரியவரு நிக்காம போறாரு, நாம நின்னா கேவலம்" என்றாராம். வண்டி நின்ற பிறகு பவுன்ராஜ் ரோட்டில் விழுந்து விழுந்து வண்டிகளை மறித்து, தேங்காய் ஏற்றி வந்த ஒரு வேனில் போட்டுப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே கையை விரித்துவிட்டார்கள்.

திலகாதான் அன்று சாயங்காலம் போனில் சொன்னாள். அரசி கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "கிளம்பணும்" என்றாள்.

வாடகைக் கார் பிடிக்கலாமா என்று யோசித்தேன். பெரிய மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்து இறங்கினால் நூறு கேள்வி வரும். நம் வண்டியிலேயே போனோம்.

வத்தலக்குண்டில் நிற்கத்தான் வேண்டியிருந்தது. வேறு வழி இல்லை. அரசி வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒச்சப்பன் ஒயரை மாட்டிவிட்டு, "என்னம்மா, இன்னிக்கு ரோஸ்ட்டு வேண்டாமா?" என்று கண்ணாடியைத் தட்டினான். அவள் முன்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்னிடம் வந்தான். "மதியானம் உங்க வண்டி கணக்காவே ஒரு வெள்ள வண்டி வந்துச்சு சார். நீங்கதாண்டு கையக் காட்டுனேன். வாசல்ல நின்னுச்சு, உள்ள வரல. பாவம், முன்சீட்டுல ஒரு பெரியவரு வேர்த்து ஒழுகிக்கிட்டு உக்காந்துருந்தாரு."

அரசி பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது.

இதற்குள் அரசியின் சித்தப்பா விடாமல் போன் செய்தார். "மாப்ள, எங்க வாறீங்க? நீங்கதேன் எங்கிட்டும் நிக்க மாட்டீங்களே, இந்நேரம் வந்துருக்கணுமே. நேரமாகுது, மக வந்து மொகத்தப் பார்க்கட்டும்டு எல்லாரும் காத்துக்கிருக்காக." திண்டுக்கல்லில் வாகன நெரிசல் என்றேன். அரசி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எண்பது வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய அப்பா அந்தப் பக்கம் ஐஸ் பெட்டியில். நாங்கள் இந்தப் பக்கம் ஓட்டலின் பாத்திரம் கழுவும் இடத்தைப் பார்த்துக்கொண்டு. மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான்.

புறப்பட்டதும் அரசி, "அங்கருந்து தேவதானப்பட்டி எம்புட்டு தூரம்?" என்று கேட்டாள். பக்கம்தான் என்றேன். கொஞ்ச நேரத்தில் பவுன்ராஜின் வண்டி ரோட்டோரம் வெள்ளையாகத் தெரிந்தது. முன்கதவு மூடியும் மூடாமலும் இருந்தது. "நிறுத்துங்க" என்றாள். நின்று என்ன ஆகப்போகிறது? நிற்கவில்லை.

அடக்கம் நேற்று முடிந்தது. பாடையைத் தூக்கும்போது பவுன்ராஜ் தோள் கொடுக்க வந்தான். சித்தப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். "நீ தொடாத. கொன்னது பத்தாதா?" முன்பக்கத் தோளை எனக்குக் கொடுத்தார்கள். அவன் செருப்பில்லாமல் தார்ரோட்டில் கடைசி ஆளாக நடந்து வந்தான்.

மே 13

விடுப்பை நீட்டித்தேன். இங்கே மாமனார் வீட்டுப் பிளக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது.

மே 22

பதினாறாம் நாள் காரியம். பந்தி முடிந்து ஆண்கள் முற்றத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். அத்தை தூணில் சாய்ந்திருந்தார். திலகா புருஷனோடு பேசுவதில்லை. அவன் உரக்கடையைத் திறக்கவே இல்லையாம்.

பவுன்ராஜ் எழுந்து வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தான். தாடி.

"அண்ணே, மெக்கானிக்க வச்சு வண்டிய மறுபடி முழுசாப் பார்த்துட்டேன். ஒரு குறையும் இல்லண்டாய்ங்க. அப்ப எம்மேலதேன் குறை. அது தெரிஞ்சா போதும், நான் ஏத்துக்கிருவேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வண்டி நெசமாவே நிக்காம வருதா?"

 காப்பித் தட்டோடு அரசி நடுவில் நின்றாள்.  அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு கணம், சொல்லட்டுமே என்றுகூடத் தோன்றியது.

அவனைப் பார்த்துக் கேட்டது அத்தை. "என்ன கேள்வி இது? அதே வண்டி, அதே ரோடு. அவரு வாறாரு. நீங்க என் தாலிய அறுத்தீங்க."

"ஏ அரசி, நீயே சொல்லு. நீதான கூட வார்ற" என்றார் சித்தப்பா.

அரசி தங்கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. சொன்னால், அன்று ஃபிரிட்ஜ் மேல் வைத்த போனையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

"எங்கயும் நிக்க மாட்டோம்" என்றாள். "நேரா வந்துருவோம்."

பவுன்ராஜ் தலையாட்டினான். ஒரு தடவை இல்லை, ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போனான்.

என்னை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மாதிரி மனைவி எல்லோருக்கும் அமையாது. ஆனால் காப்பியை எனக்கு மட்டும் வைக்காமல் போய்விட்டாள்.

மே 23

காலையில் புறப்பட வண்டியை எடுத்தால் அரசி பையோடு தெருவுக்குப் போய்விட்டாள். எல்லோரும் பார்க்கிறார்கள். "நான் பஸ்ல வாறேன். நீங்கதான் நிக்காம போயிருவீங்களே" என்றாள். அப்பா போன ரோட்டில் காரில் போக மனசு வரவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நானே அத்தையிடம் சொல்லிச் சமாளித்தேன்.

வத்தலக்குண்டில் ஒயரை மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். சர்வர் பழக்கத்தில் இரண்டு ரோஸ்ட் கொண்டுவந்து வைத்தான். திருப்பி அனுப்பினால் அம்மா எங்கே என்று கேட்பான். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வெளியே வரும்போது திண்டுக்கல் பஸ் போனது. ஜன்னலோரம் அரசி. என் வண்டியையும் ஒயரையும் என்னையும் பார்த்துக்கொண்டே போனாள். ஒச்சப்பன் அவளுக்குக் கை காட்டினான்.

நான் வீடு வரும்போது அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணி அடித்தேன். திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வழில எங்கயாச்சும் நின்னீங்களா?"

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் கோலப்பொடி டப்பாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. "அப்பப் பசிக்கும். உக்காருங்க" என்றாள். இலை போட்டு வைத்திருந்தாள். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மொறுமொறுவென்று நெய் ஊற்றி வார்த்தாள். ஒன்று வைத்தாள். சாப்பிட்டேன். இன்னொன்று வைத்தாள். தொண்டை வரைக்கும் ஏற்கெனவே நிறைந்திருந்தது. போதும் என்று சொல்லக் கையை நீட்டினேன்.

"ஏன், வழில சாப்பிட்டீங்களா?" என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் அடுத்ததை வைத்துவிட்டு மாவை எடுக்கத் திரும்பினாள். ஒரு பெரிய பாத்திரம் நிறைய மாவு இருந்தது.